நம் ஊர் வெயிலுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் போதுமா, கூலண்ட் ஊற்றியே ஆக வேண்டுமா?

ஒட்டன்சத்திரம் ஆல்டோ:

எல்லோருக்கும் வணக்கம். 2008 மாடல் பெட்ரோல் ஆல்டோ ஒன்றை சமீபத்தில் பழைய வண்டியாக வாங்கினேன். தரையில் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. ஆனால் மனைவியின் ஊர் பெருமாள்மலை, பழனி வழியாக அடிக்கடி மலை ஏற வேண்டியிருக்கிறது, சவரிக்காடு நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போய்விடுகிறது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தால் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறது. வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே செம்மண் கரைத்த நிறத்தில் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் காட்டினேன். ஆன்டிஃப்ரீஸ் (கூலண்டைத்தான் அப்படிச் சொன்னார்) என்பதே பனி உறைகிற நாட்டுக்காரர்களுக்குத்தான், நமக்கு எதற்கு வீண் செலவு, தண்ணீரைப் போல எதுவும் குளிர்விக்காது என்று சொல்லிவிட்டு, ஷெட்டில் இருந்த போர் தண்ணீரையே பிடித்து ஊற்றி அனுப்பிவிட்டார். எங்கள் பகுதி போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, அதுதான் மனதுக்குள் உறுத்துகிறது. மச்சானைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்கிறார், தண்ணீரே கலக்காமல் கான்சன்ட்ரேட் கூலண்டை அப்படியே முழுதாக ஊற்று, மலைக்கு அதுதான் சரி என்கிறார். இருவரும் அனுபவப்பட்டவர்கள். யார் சொல்வதைக் கேட்பது? காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

பாலிடெக்னிக் ஆட்டோமொபைல்:

இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டையுமே அப்படியே செய்யக் கூடாது. பாடம் எடுக்கிறவன் என்பதால் சற்று நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெக்கானிக் சொன்னது. வெப்பத்தைச் சுமந்துகொண்டு போவதில் தண்ணீர்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் அது 3.5-க்குப் பக்கத்தில் வந்துவிடும், வெறும் கிளைகால் என்றால் 2.5 அளவுதான். கிளைகால் கூடக் கூட திரவம் கெட்டியாகிறது, வெப்பக் கடத்தலும் குறைகிறது. பைக் பந்தயங்களில் பெரும்பாலும் கிளைகாலுக்குத் தடை, தண்ணீர்தான் ஊற்றுவார்கள் (கிளைகால் ஓடுதளத்தில் சிந்தினால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார் என்பதுதான் அங்கே முக்கியக் காரணம்), அந்த எஞ்சின்களும் நன்றாகவே குளிர்கின்றன. ஆகவே மச்சான் சொல்கிறபடி கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் உங்கள் வண்டி இப்போதைவிட அதிகமாகத்தான் சூடாகும். இன்னொன்று, வெறும் கிளைகால் குளிருக்கும்கூட உதவாது, அது சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும், பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரை தாங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த மெர்லின் எஞ்சின் தொடக்கத்தில் வெறும் கிளைகாலில்தான் ஓடியது, பிறகு தண்ணீர் 70, கிளைகால் 30 என்று கலந்து, அழுத்தம் கூட்டி ஓட்டும் முறைக்கு மாற்றினார்கள்.

அப்படியானால் தண்ணீரே போதுமே என்றால், வெறும் தண்ணீரில் இரண்டு சிக்கல். ஒன்று கொதிநிலை. தரை மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பெருமாள்மலை, கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே 80-க்கு மேல். அதாவது எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே மலைமேல் இடைவெளியே இல்லை. அந்த இடைவெளியை உண்டாக்கித் தருவது ரேடியேட்டர் மூடி. அதன்மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருப்பார்கள், உள்ளே அத்தனை பார் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் என்று அர்த்தம். 0.9 மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூட தரையில் 118, 119 வரை கொதிக்காது, மலைமேல் 115 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கலவை என்றால் இன்னும் எட்டு டிகிரி போலக் கூடும். ஆனால் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலோ ரப்பர் வெடித்திருந்தாலோ உள்ளே அழுத்தமே நிற்காது, நீங்கள் எதை ஊற்றினாலும் டப்பாவில் கொதிக்கும். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது மூடியைத்தான். விலை குறைந்த பொருள், புதிதாக மாற்றிவிடுங்கள், அதே எண் போட்ட மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது துரு. அதுதான் பெரிய சிக்கல். உங்கள் எஞ்சினின் மேல்பகுதியில் அலுமினிய ஹெட் இருக்கிறது, இரும்புக் குழாய் இருக்கிறது, ரேடியேட்டரில் வேறு உலோகம். வெவ்வேறு உலோகங்கள் ஒரே உப்புத் தண்ணீரில் நின்றால் மின்கலத்தில் நடப்பதுதான் உள்ளே நடக்கும், அலுமினியம் மெல்ல மெல்லக் கரையும். கூலண்ட் பாட்டிலில் கிளைகாலோடு சேர்ந்து வரும் துருத் தடுப்பு ரசாயனங்கள் இருக்கிறதே, நம் ஊரில் நாம் காசு கொடுப்பது அதற்குத்தான். உறையாமல் காப்பது நமக்கு இரண்டாம் பட்சம். பெயர் ஆன்டிஃப்ரீஸ் என்று இருப்பதால் நமக்குத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

என் கணக்கில் உங்களுக்கு 30-லிருந்து 40 சதவீதம் வரை கூலண்ட், மீதி டிஎம் வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். 30 சதவீதத்திற்குக் கீழே போனால் துருத் தடுப்பு போதாது. 30 சதவீதக் கலவையே மைனஸ் 16 வரை தாங்கும், கொடைக்கானலின் எந்தக் குளிருக்கும் அது தாராளம்.

மேட்டுப்பாளையம் ரேடியேட்டர் பட்டறை:

ஐயா எழுதியது எல்லாம் சரி. தினமும் பிரித்துப் பார்க்கிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். எங்களிடம் வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை குன்னூர், கோத்தகிரி ஏறி இறங்குகிறவை. போர் தண்ணீரிலேயே பல வருடம் ஓடிய வண்டியின் ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் உட்காரும் இடத்தில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் அரித்துக் குழி குழியாக இருக்கும். ஃபேஸிங் போட்டால், அதாவது அந்தப் பரப்பைச் சீவிச் சமமாக்கினால், சரியாகும் அளவுக்கு இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வெல்டிங் வைத்து மறுபடி ஃபேஸிங் போட வேண்டும், அல்லது ஹெட்டையே மாற்ற வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் ஓடும் இரும்பு வாட்டர் பைப், பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து இறக்கியிருக்கும் தகட்டு மூடிகள், வாட்டர் பம்பின் இறக்கை, எல்லாம் துருவேறி மெலிந்து போயிருக்கும். அந்தத் துருதான் நீங்கள் பார்த்த செம்மண் நிறம்.

உப்புத் தண்ணீரின் இன்னொரு குணம், எங்கே சூடு அதிகமோ அங்கேதான் சுண்ணாம்பு முதலில் படியும். எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி இருக்கும் பகுதிதான் அதிகச் சூடு, சரியாக அங்கே போய் வெள்ளையாக ஓடு கட்டிவிடும், வெளியே முள் நடுவில் நின்றாலும் உள்ளே அந்த இடம் மட்டும் வெந்துகொண்டிருக்கும். தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். குடிதண்ணீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்று இருக்கிறது. உடம்பு தாங்கும், ரேடியேட்டர் தாங்காது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் விற்கிற பேட்டரி தண்ணீரை வாங்கிக் கலந்தால் போதும், ஐயா சொன்ன டிஎம் வாட்டர் அதுதான்.

முன்பெல்லாம் பித்தளை ரேடியேட்டர். ஈயம் உருக்கி மேல் டேங்கைக் கழற்றி, குழாய் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்ற வைத்துக் கொடுப்போம், இன்னும் பல வருடம் ஓடும். இப்போது வருவது அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் டேங்க், ஓரத்தை மடித்துப் பிடித்திருப்பார்கள். அதில் உள்ளே அடைத்துவிட்டால் பெரும்பாலும் புதிது போடுவதைத் தவிர வழியில்லை. பழைய காலத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டினோமே என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும், அந்த ரேடியேட்டரே இப்போது இல்லை.

தயவுசெய்து இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள், சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள், செய்யாதீர்கள். எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், உண்மையான கோளாறும் மறைந்துபோகும்.

நாமக்கல் பத்து சக்கரம்:

எல்லோரும் தண்ணீரைக் குற்றம் சொல்கிறீர்கள், எங்கள் அப்பா காலத்து லேலண்ட் வண்டிகள் தண்ணீரிலேயேதான் ஓடின, தண்ணீரில் கலக்கும் சொல்யூபிள் ஆயிலைக் கொஞ்சம் கலந்து வெள்ளையாக ஊற்றுவார்கள், எஞ்சின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. காருக்கு நாலு லிட்டர், வாங்கி ஊற்றலாம். லாரிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பாருங்கள். நடுவழியில் ஹோஸ் வெடித்து எல்லாம் கொட்டிவிட்டால் நடுராத்திரியில் கூலண்டுக்கு எங்கே போவது? டிரைவர் பக்கத்துக் கிணற்றிலோ டீக்கடையிலோ தண்ணீர் வாங்கி ஊற்றித்தானே வண்டியை நகர்த்துவார்? வாடகைக்குப் போகிற வண்டியில் இதெல்லாம் நடைமுறைக்கு வருமா என்று சொல்லுங்கள்.

பாலிடெக்னிக் ஆட்டோமொபைல்:

அண்ணா, நியாயமான கேள்வி. வழியில் கொட்டிவிட்டால் கிடைத்த தண்ணீரை ஊற்றி வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் சரி, தண்ணீரே இல்லாமல் ஓட்டுவதைவிட எந்தத் தண்ணீரும் மேல். ஆனால் கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்ற வேண்டாம், ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் விழும், ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஊர் வந்ததும் அதை இறக்கிவிட்டு முறையாக நிரப்பிவிட வேண்டும், அவசரத்துக்கு ஊற்றியது அப்படியே வருடக்கணக்கில் உள்ளே தங்கிவிடுவதுதான் கெடுதல்.

சொல்யூபிள் ஆயில் துருவை ஓரளவு தடுக்கும், உண்மைதான். ஆனால் சுவரில் எண்ணெய்ப் படலம் கட்டி வெப்பம் போவதைக் குறைக்கும், ரப்பர் ஹோஸும் நாளடைவில் ஊதிப்போகும்.

லாரிக்கு என்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது, கார்க்காரர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் வெட் லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரிலேயே நிற்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் தட்டும், லைனர் மணிபோல அதிரும், அந்த அதிர்வில் தண்ணீர்ப் பக்கம் நுண்ணிய ஆவிக் குமிழ்கள் தோன்றி உடனே நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் இரும்பை ஊசி குத்துவதுபோலக் குத்தி எடுக்கும். கடைசியில் லைனரில் துளை விழுந்து தண்ணீர் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குப் போய், ஆயில் பால் நிறமாகிவிடும். கனரக டீசலுக்கென்று வரும் கூலண்டில் இதற்காகவே நைட்ரைட் போன்றவற்றைச் சேர்த்திருப்பார்கள், அது லைனர்மேல் மெல்லிய படலமாக நின்று காக்கும். கார் கூலண்டை வாங்கி லாரிக்கு ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். அப்புறம் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் இஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி விடும் புகையைக் குளிர்விப்பது) இருந்தால் அந்தச் சூடும் இதே தண்ணீரில்தான் வந்து சேர்கிறது, அங்கே சுண்ணாம்பு படிந்தால் செலவு பெரியது. அப்பா காலத்து எஞ்சின் குறைந்த குதிரைத்திறனில் நிதானமாக ஓடியது, இன்றைய எஞ்சினின் சுமை வேறு.

எட்மண்டன் பனி:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், இப்போது கனடா எட்மண்டனில் இருக்கிறேன். இங்கே மாரிகாலத்தில் மைனஸ் 30-க்குக் கீழேயும் போகும். வெறும் தண்ணி விட்டால் ஒரே இரவில் உறைந்துபோகும், தண்ணி உறையும்போது ஒன்பது வீதம் அளவில் பெருக்கும், அந்தத் தள்ளலில் பிளாக்கே வெடிக்கும். இங்கே பாதிக்குப் பாதி, சிலர் 60 வீதம் வரைக்கும் விடுவார்கள், அதற்கு மேலே கூட்டினால் பலன் திரும்பக் குறைய வெளிக்கிடும். எஞ்சினைச் சூடாக வைக்க பிளாக் ஹீட்டர் பூட்டி இரவிலே மின்சாரத்தில் செருகி விடுவோம். ஊரிலே பழைய கார் வைத்திருந்தபோது எங்கள் கராஜிலும் கிணற்றுத் தண்ணிதான், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணி எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளிர் இல்லாத இடத்திலும் கூலண்டை விட வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஒட்டன்சத்திரம் ஆல்டோ:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ரப்பர் காய்ந்து விளிம்பில் வெடித்திருக்கிறது, புதிது வாங்கிவிட்டேன். கடையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறத்தில் கூலண்ட் வைத்திருக்கிறார்கள். எந்த நிறம் வாங்குவது? ஒன்றோடொன்று கலக்கலாமா? உள்ளே இருக்கும் துருத் தண்ணீரை முழுதாக வெளியேற்றுவது எப்படி? வீட்டிலேயே செய்யலாமா?

மேட்டுப்பாளையம் ரேடியேட்டர் பட்டறை:

தம்பி, நிறத்தை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம், அதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. டொயோட்டா சிவப்பு, பிங்க் கொடுக்கும், ஹோண்டா நீலம் கொடுக்கும், வேறு ஒரு கம்பெனியின் சிவப்பு உள்ளே முற்றிலும் வேறு ரசாயனமாக இருக்கும். பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பழைய வகை, சிலிக்கேட் போன்ற உப்புகள் சேர்த்தது, ஏறக்குறைய இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். ஓஏடி என்று போட்டிருப்பது ஆர்கானிக் அமில வகை, ஐந்து வருடம் போல வரும். ஜப்பான் வழி வந்த எஞ்சின்களுக்கு சிலிக்கேட் இல்லாததாக வாங்குவது வழக்கம், வாட்டர் பம்ப் சீலுக்கு அது நல்லது. ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 என்று பாட்டிலில் இருக்கிறதா பாருங்கள், வண்டிக் கையேட்டில் எழுதியிருப்பதோடு பொருந்தினால் எந்த நிறமானாலும் சரி. இரண்டு வகையைக் கலக்க வேண்டாம். சில வகைகள் கலந்தால் கூழாகி ஹீட்டர் குழாயை அடைத்துவிடும், கூழாகாவிட்டாலும் துருத் தடுப்பின் ஆயுள் குறையும்.

வீட்டிலேயே செய்யலாம், அவசரப்படாமல் இருந்தால் போதும். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குழாயில் நிற்கும் பழைய தண்ணீர் வராமல் போகலாம். ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து எல்லாவற்றையும் இறக்குங்கள், டப்பாவையும் கழற்றிக் கழுவுங்கள். பேட்டரி தண்ணீரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகும்வரை பொறுங்கள், அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறந்து பிளாக்கில் இருப்பதும் கலக்கும். ஆறவிட்டு இறக்குங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப இதைச் செய்ய வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது பல வருடத் துரு, ஒருமுறையில் போகாது. கடையில் விற்கும் ஃபிளஷ் திரவம் பலமானது, மெலிந்த இடம் இருந்தால் ஒழுகத் தொடங்கிவிடும், அதனால் நான் முதலில் தண்ணீரிலேயே கழுவச் சொல்வேன்.

பலர் கவனிக்காத இடம் அடுத்தது. எவ்வளவு இறக்கினாலும் பிளாக்குக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் நின்றுவிடும். அதன்மேல் ஏற்கெனவே தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூலண்டை ஊற்றினால் இன்னும் நீர்த்துப் போகும். அதனால் கான்சன்ட்ரேட் வாங்குங்கள். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு போட்டிருக்கும், 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 சதவீதத்துக்கு 1.6 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றிவிடுங்கள், மீதியைப் பேட்டரி தண்ணீரால் நிரப்புங்கள், உள்ளே நின்ற தண்ணீர் தானாகவே கணக்கில் வந்துவிடும். மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, காற்றுக் குமிழ் நிற்கும்வரை மெல்ல மெல்ல ஊற்றி மூடுங்கள். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் புதுக் கூலண்டிலும் சூடாகும்.

இறக்கிய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய் இறந்துவிடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். உங்கள் வண்டியில் இப்போது இருப்பது வெறும் துருத் தண்ணீராகத் தெரிகிறது, ஆனாலும் முன்பு ஓட்டியவர் எதை ஊற்றினார் என்று தெரியாது. கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள், சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம்.

மலை ஏறும்போது முள் மேலே போனால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறங்கள், வியர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூடு இறங்கும். நிறுத்தினால் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், அணைத்ததும் பம்ப் நின்றுபோய் ஹெட்டின் சூடு முழுவதும் அசையாத தண்ணீரில் இறங்கும், நீங்கள் கேட்ட கொதிக்கிற சத்தம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ தண்ணீர் ஒழுகினாலோ ஐடிலில் விடாமல் அணைத்துவிட வேண்டும்.

மாற்றிய பிறகு கொஞ்ச நாளுக்குக் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது டப்பாவில் அளவைப் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தாலோ, ஸ்டார்ட் செய்ததும் டப்பாவில் குமிழ் வந்தாலோ, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படி இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பிரிப்பதற்கு முன்னால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.